பல்லாடியோவும் செந்நெறிக் கட்டடக்கலையும்: ஒரு வடிவத்தின் நீண்ட வாழ்வு பற்றிய திறனாய்வு நோக்கு

கலைப்படைப்பு ஒவ்வொன்றும் அது தோன்றிய சமுதாயத்தின் விளைபொருளே என்பதை ஏற்றுக்கொள்வது இன்று அத்துணைக் கடினமன்று. ஆயின் அச்சமுதாயம் மறைந்தொழிந்த பின்னரும் அப்படைப்பு ஏன் மக்களை ஈர்க்கின்றது என்ற வினாவிற்கு விடை காண்பதே கடினமானது. கார்ல் மார்க்ஸ் 1857 ஆம் ஆண்டு எழுதிய பொருளாதார ஆய்வுக் குறிப்புகளின் முன்னுரையில் கிரேக்கக் கலையை முன்னிறுத்தி இதே வினாவை எழுப்பினார். மனித குலத்தின் குழந்தைப் பருவத்தின்பால் வளர்ந்த மனிதனுக்குள்ள கவர்ச்சியே அதற்குக் காரணம் என அவர் அளித்த விடை பின்வந்தோர் பலருக்கு நிறைவளிக்கவில்லை. வினா மட்டும் எஞ்சி நிற்கின்றது.

இலக்கியத்தை வைத்து இவ்வினாவை ஆராய்ந்தோர் பலர். கட்டடக்கலையை வைத்து ஆராய்வது ஒரு வகையில் மேலும் பயனுடையது. கவிதைக்கு ஏடும் எழுத்தாணியும் போதும். கட்டடத்திற்கோ நிலம், பணம், கூலியாட்கள், கட்டுவிப்போன் ஆகிய அனைத்தும் வேண்டும். எனவே கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது சமுதாயத்தை மறந்துவிட்டு அழகை மட்டும் பேசுவது இயலாத காரியம்.

இந்நோக்கிற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாடியோ (1508-1580) ஆவார். வட இத்தாலியிலுள்ள விசென்சா நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் விட்டு அதிகம் விலகாது பணியாற்றிய இவருடைய பாணி, இலண்டனிலும் டப்ளினிலும் வேர்ஜினியாவிலும் கல்கத்தாவிலும் மீண்டும் மீண்டும் தோன்றியது. அவர் பெயராலேயே ஒரு பாணி வழங்குகின்றது. 1994இல் விசென்சா நகரமும் 1996இல் அதனைச் சூழ்ந்த மாநிலத்தின் பண்ணை மாளிகைகளும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. 2010இல் ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் அவரை அமெரிக்கக் கட்டடக்கலையின் தந்தை எனப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்க மண்ணில் ஒருபோதும் கால்வைக்காத ஒருவர் அம்மண்ணின் கட்டடக்கலைக்குத் தந்தையானது எவ்வாறு?

இதற்கு இருவகை விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. பல்லாடியோ என்றுமுள்ள அழகின் விதிகளைக் கண்டறிந்தார். ஆதலால் அவை எங்கும் செல்லும் என்பது ஒன்று. நிலவுடைமையாளர்க்கும் அடிமை எசமானர்க்கும் ஏகாதிபத்தியவாதிகட்கும் பெருமை தேடித்தந்த பாணி என்பதாலேயே அது பரவியது என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளிலும் உண்மை உண்டு. ஆயின் இரண்டும் அரைகுறையானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்தச்சனும் காலமும்

பல்லாடியோ பதுவா நகரில் ஓர் ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். இயற்பெயர் அந்திரேயா. பதின்மூன்றாவது வயதில் கல்தச்சரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். பின்னர் விசென்சாவுக்குச் சென்று, 1524இல் அந்நகரக் கல்தச்சர் சங்கத்தில் உறுப்பினரானார். முப்பது வயதை அண்மிக்கும்வரை பிறர் வரைந்த வடிவங்களைக் கல்லில் செதுக்கும் தொழிலாளியாகவே அவர் வாழ்ந்தார்.

அவ்வூர்ப் பிரபுவும் கவிஞரும் மனிதநேய அறிஞருமான ஜியான்ஜியோர்ஜியோ திரிசினோ தமது மாளிகையைப் புதுக்கியபோது இவருடைய திறனைக் கண்டார். கல்வியும் நட்பும் தந்தார்; பல்லாடியோ என்ற பெயரையும் அவரே சூட்டினார். 1541 முதல் இருவரும் உரோமாபுரிக்குச் சென்றனர். அங்கே இடிபாடுகளை அளந்து வரைந்த அனுபவமே பல்லாடியோவின் உண்மையான பல்கலைக்கழகம் எனலாம். அறிஞர் தானியேலே பார்பரோ 1556இல் வெளியிட்ட விற்றுரூவியஸ் நூலின் மொழிபெயர்ப்புக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. பண்டைய ஏட்டை வாசிக்கும் அறிஞனின் கண்ணும் கல்லின் கனத்தை அறிந்த கைவினைஞனின் கையும் ஒருவரிடத்தே சேர்ந்தன. அக்காலத்துக் கட்டடக் கலைஞர் பலர் ஓவியராயும் சிற்பியராயும் இருந்து இத்துறைக்கு வந்தவர்கள். பல்லாடியோவோ கட்டடத்திலிருந்தே கட்டடத்திற்கு வந்தவர்.

தனிமனித ஆற்றல் மட்டும் ஒரு பாணியைத் தோற்றுவித்துவிடாது. அக்கால வெனிசுக் குடியரசின் நிலையையும் நோக்குதல் வேண்டும். கீழைத்தேய வாசனைத் திரவியங்களின் வணிகத்தால் செழித்த நகரம் வெனிசு. 1498இல் வாஸ்கோ த காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவை அடைந்ததும், தொடர்ந்து போர்த்துக்கேயர் கோழிக்கோட்டிலும் இலங்கையிலும் கறுவா, மிளகு வணிகத்தில் நுழைந்ததும் அதன் தனியுரிமையை அசைத்தன. அவ்வணிகம் அன்றே அழிந்துவிடவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது மீண்டும் தலைதூக்கியதாக வரலாற்றாசிரியர் காட்டுவர். எனினும் கடலை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்ற எண்ணம் வெனிசுப் பிரபுக்களிடையே வேரூன்றியது. தானியத்தின் விலையும் ஏறியது. அவர்கள் தம் மூலதனத்தைப் பெருநிலப்பகுதியின் வேளாண்மைக்குத் திருப்பினர். சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. 1556இல் தரிசு நிலங்களுக்கென அரசு ஓர் அதிகார சபையையே நிறுவியது. கப்பலின் சொந்தக்காரன் வயலின் சொந்தக்காரனானான். அவனுக்கு வயலின் நடுவே ஒரு வீடு தேவைப்பட்டது. அது கோட்டையாக இருக்க வேண்டியதில்லை. குடிசையாக இருத்தலும் ஆகாது. இப்புதிய தேவைக்கு விடையாகவே பல்லாடியோவின் பண்ணை மாளிகை பிறந்தது.

பண்ணையும் கோயில் முகப்பும்

பன்சோலோ என்ற ஊரிலுள்ள எமோ குடும்பத்து மாளிகையை எடுத்துக்கொள்வோம். நடுவே உயர்ந்து நிற்பது உரிமையாளரின் இல்லம். அதன் முகப்பில் தூண்களும் முக்கோண முகடும் அமைந்த, பண்டைய கோயிலை ஒத்த மண்டபம். இரு புறமும் சமச்சீராக நீண்டு செல்வன வளைவுத் தாழ்வாரங்கள். அவற்றின் பின்னே களஞ்சியங்களும் தொழுவங்களும் ஏனைய பண்ணைக் கூடங்களும். இரு அந்தங்களிலும் புறாக் கூண்டுகள். வழமையான பண்ணையில் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் கட்டடங்கள் இங்கே ஒரே வாக்கியத்தின் உறுப்புகள் போல ஒன்றுடனொன்று இயைந்து நிற்கின்றன. தாழ்வாரங்களுக்கு மேற்கூரை ஏன் என்பதற்குப் பல்லாடியோ தமது நூலில் தரும் காரணம் எளியது: மழையோ வெயிலோ தடுக்காமல் உரிமையாளன் எங்கும் சென்று தன் அலுவல்களைக் கவனிக்க வேண்டும் என்பதே அது.

செலவு குறித்தும் நோக்குதல் தகும். இம்மாளிகைகளிற் பெரும்பாலானவை சலவைக்கல்லால் ஆனவை அல்ல. தூண்களுங்கூடச் செங்கல்லால் கட்டப்பட்டுச் சுண்ணச் சாந்து பூசப்பட்டவை. அடித்தளம், தூணின் தலைப்பு போன்ற இன்றியமையாத இடங்களிலேயே செதுக்கிய கல் வந்தது. பெருமை பொருளின் விலையில் இல்லை, அளவுகளின் பொருத்தத்தில் உள்ளது என்பது இக்கல்தச்சரின் கொள்கை. அறையின் நீளத்திற்கும் அகலத்திற்கும் உயரத்திற்கும் இடையே எளிய எண் விகிதங்கள் அமைய வேண்டும் என அவர் வற்புறுத்தினார். வட்டம், சதுரம், ஒன்றேகால் அல்ல ஒன்றேமூன்றிலொன்று, ஒன்றரை, ஒன்றேமூன்றிலிரண்டு, இரட்டைச் சதுரம் என்றவாறு ஏழு அறை வடிவங்களைச் சிறந்தவையாக அவர் வகுத்தார். சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகக் கொண்டதும் அவற்றுள் ஒன்று. ருடோல்ப் விற்கோவர் 1949இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விகிதங்களை மறுமலர்ச்சிக் கால இசைக் கொள்கையோடும் பிரபஞ்ச ஒத்திசைவு பற்றிய கருத்தோடும் தொடர்புபடுத்தியது. கட்டுவோனுக்கு இதனால் விளைந்த நடைமுறைப் பயனும் குறைந்ததன்று. எண்ணால் சொல்லக்கூடியதை எவரும் எங்கும் திரும்பச் செய்யலாம்.

கோயில் முகப்பை வீட்டிற்கு வைத்ததே பல்லாடியோவின் மிகப் புகழ்பெற்ற புதுமை. இதற்கு அவர் காட்டிய நியாயம் சுவையானது. மனிதன் முதலில் தனித்து வாழ்ந்தான், பின் கூடி வாழ்ந்தான். ஆதலின் வீடே முந்தியது, பொதுக்கட்டடம் பிந்தியது. பண்டையோர் தம் வீட்டின் முகப்பையே பின்னர் கோயிலுக்கு ஈந்திருக்க வேண்டும் என அவர் வாதித்தார். உண்மையில் பண்டைய உரோமரின் இல்லங்கள் பொதுவாக அவ்வாறு இருக்கவில்லை என்பதைப் பிற்கால அகழாய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே உலகெங்கும் செந்நெறியின் முத்திரையாகக் கொள்ளப்படும் தூண்முகப்பு வீடு, பழமையின் மீட்பு அன்று. பழமையின் பெயரால் நிகழ்ந்த ஒரு புத்தாக்கம். மரபைப் பேணுவதாகச் சொல்பவரும் தம் காலத்தின் தேவைக்கேற்ப மரபைப் படைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று.

அத்தேவை யாது? வயலின் நடுவே கோயில் முகப்போடு எழும் வீடு, அங்கே பாடுபடும் குடியானவனுக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றது. நில உரிமையைப் புனிதமாக்குவதே அச்செய்தி. ஆயினும் இத்தோடு அக்கட்டடத்தின் பொருள் முடிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. எமோ மாளிகையில் களஞ்சியம் மறைக்கப்படவில்லை. உழைப்பின் விளைவு வந்து சேரும் இடம் உரிமையாளனின் இல்லத்தோடு ஒரே வரிசையில், ஒரே கண்ணியத்தோடு வெளிப்படையாக நிற்கின்றது. அவ்வீடு எதனால் வாழ்கின்றது என்பதை அதுவே சொல்லிவிடுகின்றது. அவ்வகையில் அது நேர்மையான கட்டடம்.

இதற்கு மாறானது விசென்சாவின் புறத்தே குன்றொன்றின் மீதுள்ள ரொட்டோண்டா. போப்பரசரின் சபையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பாவோலோ அல்மேரிக்கோவுக்காக 1560களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. நடுவே வட்ட மண்டபமும் குவிமாடமும்; நான்கு திசையிலும் ஒரே மாதிரியான நான்கு முகப்புகள். பல்லாடியோ வரைந்த வடிவில் களஞ்சியமும் இல்லை, தொழுவமும் இல்லை. நகருக்கு மிக அண்மையில் உள்ளமையால் இதனைப் பண்ணை மாளிகைகளோடு சேர்க்காமல் நகர மாளிகைகளோடு அவர் தமது நூலில் சேர்த்தார். காட்சி எத்திசையிலும் இனிதாயிருத்தலின் எத்திசைக்கும் முகப்பு வைத்ததாக அவர் விளக்குவார். 1786இல் அதனைப் பார்த்த ஜேர்மானியக் கவிஞர் கேதே, வியந்த போதிலும், அங்கே வசிக்க முடியுமாயினும் அது வீடு என்ற உணர்வைத் தரவில்லை என்ற கருத்தையும் பதிவுசெய்தார். பயனிலிருந்து பிரிந்த வடிவத்தின் உச்சம் அது. பிற்காலத்தார் மிகுதியாகப் பின்பற்றியது எமோவை அன்று, ரொட்டோண்டாவையே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒழுங்கின்மைக்குள் ஓர் ஒழுங்கு

செந்நெறி என்றால் விறைத்த விதிகளின் தொகுதி என எண்ணுவோருக்கு விசென்சாவின் நகரமண்டபம் தக்க மறுப்பு. அது பல்லாடியோ புதிதாகக் கட்டியதன்று. ஏற்கெனவே இருந்த பழைய கொதிக் கால மண்டபத்தைச் சூழ்ந்திருந்த தாழ்வாரங்களின் ஒரு பகுதி 1496இல் இடிந்து வீழ்ந்தது. பல புகழ்பெற்ற கலைஞர்களிடம் ஆலோசனை கேட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின், உள்ளூர்க் கல்தச்சரான பல்லாடியோவின் திட்டம் 1549இல் ஏற்கப்பட்டது.

சிக்கல் இதுதான். பழைய கட்டடத்தின் வாயில்களும் ஒழுங்கைகளும் சம தூரத்தில் அமையவில்லை. புதிய வெளித் தாழ்வாரமோ சீராகத் தோன்ற வேண்டும். பல்லாடியோ ஒவ்வொரு பகுதியிலும் நடுவே ஒரு வளைவும் அதன் இருமருங்கிலும் ஒடுங்கிய நீள்சதுரத் திறப்புகளும் வைத்தார். வளைவின் அகலம் எங்கும் ஒன்றே. பக்கத் திறப்புகளின் அகலம் மட்டும் தேவைக்கேற்ப மாறுகின்றது. பார்ப்பவன் கண் வளைவுகளையே பின்பற்றிச் செல்வதால், வேறுபாடு உறுத்துவதில்லை. இவ்வமைப்பு அவரது கண்டுபிடிப்பு அன்று. செர்லியோ 1537இல் அதனை அச்சில் வெளியிட்டிருந்தார். அலங்காரமாயிருந்த அதனைச் சிக்கலைத் தீர்க்கும் கருவியாக்கியமையே பல்லாடியோவின் சாதனை. மாறாத ஒன்றையும் மாறும் ஒன்றையும் அருகருகே வைத்து, மாற்றத்தை மாறாமையின் நிழலில் அடக்கும் இம்முறை, யாப்பின் வரையறைக்குள் ஓசையை நெகிழ்த்தும் நல்ல கவிஞனின் முறையை ஒத்தது. வேலை 1617இல், அவர் இறந்து 37 ஆண்டுகளின் பின்னரே முற்றுப்பெற்றது.

இதே அமைப்பு பின்னாளில் ‘பல்லாடியச் சாளரம்’ என்ற பெயரோடு ஆங்கில, அமெரிக்க வீடுகளில் ஓர் அணிகலனாகத் தொங்கியது. அங்கே அது தீர்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இருக்கவில்லை. முறை மறைந்து அடையாளம் எஞ்சியது.

நூலே தூதுவன்

முறை மறைந்து அடையாளம் எஞ்சியதற்கு ஒரு முக்கிய காரணம், பல்லாடியோ உலகிற்குச் சென்றது கட்டடமாக அன்றி நூலாக என்பதே. 1570இல் வெனிசில் வெளிவந்த ‘கட்டடக்கலையின் நான்கு நூல்கள்’ தூண் வகைகளையும் வீடுகளையும் பொதுக்கட்டடங்களையும் பண்டைய கோயில்களையும் கிடைப்படம், நிலைப்படம், அளவுகள் ஆகியவற்றோடு தருகின்றது. எழுத்து சுருக்கமானது, படம் தெளிவானது. பண்டைய உரோமரின் ஆலயங்களுடன் தமது சொந்தப் படைப்புகளையும் அதே நூலில் அவர் வைத்தார். இதனால் அவரும் பண்டையோருள் ஒருவர்போல் ஆனார்.

ஆனால் அந்நூல் காட்டும் கட்டடங்கள் நிலத்தில் நிற்கும் கட்டடங்கள் அல்ல. பணம் போதாமையால் அரைகுறையாக நின்றவை நூலில் முழுமையாக உள்ளன. நிலத்தின் கோணலால் சாய்ந்த சுவர்கள் அங்கே நேராகின்றன. ரொட்டோண்டாவின் குவிமாடம் நூலில் அரைக்கோளமாய் உயர்ந்துள்ளது. பல்லாடியோவின் மறைவுக்குப் பின் ஸ்கமோட்சி முடித்த குவிமாடமோ தாழ்ந்தது. ஒருபோதும் கட்டப்படாத வீடுகளும் நூலில் உண்டு. செங்கல்லும் சாந்தும் சேறும் களஞ்சியத்தின் தூசியும் அச்சில் வருவதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்த விகிதம் மட்டுமே வருகின்றது. ஆகவே பல்லாடியோவின் பாணி ‘எங்கும் பொருந்துவது’ என்னும் கருத்தில், அச்சு அதன் இடத்தையும் காலத்தையும் களைந்துவிட்டமையின் பங்கும் உண்டு. அச்சு அதனை வாழவைத்தது. அதே அச்சு அதனை வறிதாக்கவும் செய்தது.

மன்னனுக்கும் மன்னனைக் கட்டுப்படுத்தியோர்க்கும்

இங்கிலாந்தில் இப்பாணியை ஊன்றியவர் இனிகோ ஜோன்ஸ். 1613-14இல் அருண்டெல் பிரபுவுடன் இத்தாலிக்குச் சென்ற அவர், பல்லாடியோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடங்களை ஒப்பிட்டு, ஓரங்களில் குறிப்பெழுதினார். அப்பிரதி இன்றும் ஒக்ஸ்போட்டின் வூஸ்ரர் கல்லூரியில் உள்ளது. கிறீனிச்சில் அரசியின் மாளிகையும் (1616-1635), வைற்ஹோலில் விருந்து மண்டபமும் (1619-1622) அவர் ஆக்கங்கள். அரசன் இறைவனால் நியமிக்கப்பட்டவன் என்ற கொள்கையைப் பறைசாற்றிய ஸ்ரூவேட் அரசவையின் கலையாகவே அவை எழுந்தன. 1649இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டது அதே விருந்து மண்டபத்தின் முன்னிலையில் என்பது வரலாற்றின் விசித்திரம்.

இவ்விசித்திரம் அத்தோடு முடியவில்லை. மன்னர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனைத் துய்த்த விக் கட்சிப் பிரபுக்களே அடுத்த நூற்றாண்டில் பல்லாடியோவைத் தம்மவராக்கிக் கொண்டனர். 1715இல் கொலின் கம்பெல் ‘பிரித்தானிய விற்றுரூவியஸ்’ நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். பல்லாடியோவின் நூலும் அக்காலத்திலேயே ஆங்கிலத்தில் வரத் தொடங்கியது. 1738இல் ஐசாக் வெயரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பேர்லிங்டன் பிரபு விசென்சாவுக்குச் சென்று பல்லாடியோவின் மூல வரைபடங்களை வாங்கி வந்து, 1720களில் சிசிக்கில் ரொட்டோண்டாவை நினைவூட்டும் மாளிகையைக் கட்டினார்.

முழுமுதல் மன்னனுக்கும் அவனது எதிரிகளின் வழித்தோன்றல்களுக்கும் ஒரே வடிவம் பணிபுரிந்தது. ஆகவே ஒரு வடிவம் ஒரு வர்க்கத்தின் ஒரு கொள்கைக்கு நேராக ஒத்தது என்ற எளிய சூத்திரம் இங்கே செல்லுபடியாகாது. எனினும் விக் பிரபுக்களின் தேர்வு தற்செயலானதுமன்று. வெனிசு மன்னனில்லாக் குடியரசு. நிலமுள்ள சிலர் ஆளும் ஆட்சி. அதுவே அவர்கள் தம்மைப் பற்றிக் காணவிரும்பிய படிமம். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையான அந்நூற்றாண்டில், புல்வெளியின் நடுவே அமைதியாக நிற்கும் தூண்முகப்பு அவ்வுடைமையை இயற்கையின் ஒழுங்காகவே தோற்றுவித்தது. டேர்பிசயரில் கெடில்ஸ்டன் மாளிகைக்காக அவ்வூர்க் கிராமமே இடம்பெயர்க்கப்பட்டது.

அக்காலத்திலேயே இதனைக் கண்டித்த குரலும் உண்டு. அலெக்சாந்தர் போப், 1731இல் பேர்லிங்டனுக்கே விளித்து எழுதிய கவிதை நிருபத்தில், வெப்ப நாட்டுத் தாழ்வாரங்களைக் குளிர் நாட்டில் கட்டி நடுங்கும் பகட்டாளரை எள்ளி நகையாடினார். நண்பரின் சுவையைப் புகழ்ந்துகொண்டே அவரைப் பின்பற்றுவோரின் மூடத்தனத்தைக் குத்திக்காட்டிய அக்கவிதை, முறைக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை அன்றே உணர்ந்திருந்தது.

மொன்டிசெலோவும் கல்கத்தாவும்

தோமஸ் ஜெபர்சன் விசென்சாவைக் கண்டதில்லை. அவருக்கும் பல்லாடியோ என்பது நூலே. வேர்ஜினியாவில் குன்றொன்றின் மீது தமக்கென அமைத்த மொன்டிசெலோ மாளிகையைப் பல ஆண்டுகளாக அவர் கட்டியும் இடித்தும் திருத்தியும் வந்தார். 1792இல் சனாதிபதி மாளிகைக்கான போட்டியில் ரொட்டோண்டாவைத் தழுவிய ஒரு வரைபடத்தைப் பெயர் குறிப்பிடாமல் அனுப்பினார், அது தெரிவாகவில்லை. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என 1776இல் பிரகடனம் எழுதிய அவர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். மொன்டிசெலோவின் செங்கற்களிலும் மரவேலையிலும் அவ்வடிமைகளின் உழைப்பு உறைந்துள்ளது.

இங்கேதான் எமோ மாளிகையை நாம் மீண்டும் நினைவுகூர வேண்டும். பல்லாடியோ வெளிப்படையாக நீட்டி வைத்த இரு பக்கச் சிறகுகளை ஜெபர்சனும் வைத்தார். ஆனால் அவற்றைக் குன்றின் சரிவுக்குள் தாழ்த்தி, மேலே உலாவும் தளம் அமைத்தார். சமையலறையும் களஞ்சியமும் அடிமைகள் பணிபுரியும் அறைகளும் அத்தளத்தின் கீழே சென்றன. மேலே நின்று நோக்குவோனுக்குக் காட்சி இடையறாது விரியும். அக்காட்சியைத் தாங்கும் உழைப்பு கண்ணிற்படாது. இதன் வித்து பல்லாடியோவிடமே உண்டு என்பதையும் மறைத்தல் முறையன்று. இறைவன் மனித உடலில் அழகிய உறுப்புகளை வெளியேயும் ஏனையவற்றை மறைவிலும் வைத்தது போல, வீட்டிலும் சமையலறை முதலியவற்றைக் கீழே மறைவாக வைத்தல் வேண்டும் என அவர் எழுதினார். ஆயினும் களஞ்சியத்தை அவர் மறைக்கவில்லை. குருவிடம் இருந்த இரண்டில் எதனைச் சீடன் எடுத்துக்கொண்டான் என்பதைச் சீடனின் சமுதாயமே தீர்மானித்தது.

கல்கத்தாவின் கதை இதனிலும் வியப்பானது. பல்லாடியோ தமது நூலில் மொசெனிகோ குடும்பத்திற்காக ஒரு மாளிகையை வரைந்திருந்தார். நடு இல்லத்திலிருந்து வளைந்து செல்லும் நான்கு கரங்கள் கொண்ட அம்மாளிகை அவ்வடிவில் கட்டப்படவே இல்லை. அக்கிடைப்படத்தைத் தழுவியே மேற்சொன்ன கெடில்ஸ்டன் திட்டமிடப்பட்டது. அங்கும் நான்கு சிறகுகளில் இரண்டே கட்டப்பட்டன. 1799-1803இல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் ஆளுநர் நாயகத்தின் மாளிகையைக் கட்டுவித்தபோது, சார்ள்ஸ் வயற் என்ற பொறியியலாளர் கெடில்ஸ்டனையே மாதிரியாகக் கொண்டார். நான்கு சிறகுகளும் முழுமையாக எழுந்தன. விசென்சாவின் ஏட்டில் பிறந்து, டேர்பிசயரில் அரையாய் நின்ற வடிவம் ஊக்ளி நதிக்கரையில், கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்தில் திரட்டிய வரிப்பணத்தில் நிறைவெய்தியது. 1899இல் வைசிராயாக அங்கு குடிபுகுந்த கேர்சன் பிரபு, கெடில்ஸ்டன் குடும்பத்தின் வாரிசு. பிறந்த வீட்டின் படியெடுப்பிலேயே அவர் ஒரு துணைக்கண்டத்தை ஆண்டார்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலக் குளிரில் பொருந்தாத விரிந்த சிறகுகள் வங்காளத்து வெப்பத்தில் எப்பக்கத்துக் காற்றையும் உள்வாங்க உதவின. அதிகாரத்தின் பகட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட வடிவம், அதனைக் கொணர்ந்தோர் பெரிதும் எண்ணாத ஒரு பயனை அங்கே பெற்றது. வடிவத்திற்கு அதன் சொந்தக்காரனின் நோக்கத்தை விஞ்சிய ஆற்றல் உண்டு என்பதற்கு இதுவும் சான்று. கொழும்பில் 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் தூண்வரிசையைப் பல்லாடியோவின் நேரடி வாரிசு எனல் பொருந்தாது. எனினும் ஆட்சிக்குத் தூண்முகப்பே முகம் என்ற அதே ஏகாதிபத்திய வழக்கம் அதன் பின்னாலும் நிற்கின்றது.

மதிப்பீடு

பல்லாடியோவை மிகக் கடுமையாகத் தாக்கியவர் ஜோன் ரஸ்கின். ‘வெனிசின் கற்கள்’ (1851-53) என்ற நூலில், சான் ஜியோர்ஜியோ மஜோரே தேவாலயத்தின் முகப்பை அவர் வெறுப்போடு ஒதுக்கினார். அவருடைய அடிப்படைக் குற்றச்சாட்டு அழகைப் பற்றியது மட்டுமன்று. கொதிக் கட்டடத்தில் தொழிலாளி தன் மனப்போக்கிற்கேற்பச் செதுக்கினான். மறுமலர்ச்சிக் கட்டடத்தில் அவன் பிறர் வரைந்த கோட்டைப் பிழையின்றி நிறைவேற்றும் கருவியானான் என்பதே அது. இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. கல்தச்சராகத் தொழில் தொடங்கிய ஒருவரே, கல்தச்சன் சிந்திக்க வேண்டியதில்லாத ஒரு முறையை நிறைவாக்கினார் என்பது வேதனைக்குரிய முரண். எண்ணும் மூளையும் செய்யும் கையும் பிரிந்த பிரிவினையில் அவருடைய நூலுக்கும் பங்குண்டு.

மறுபுறம், அம்முறையிலேயே விடுதலைக்கான கூறும் இருந்தது. கொலின் ரோ என்ற திறனாய்வாளர் 1947இல் எழுதிய கட்டுரையொன்றில், பல்லாடியோவின் மல்கொந்தென்தா மாளிகையையும் லெ கோர்பூசியே 1920களில் கார்ஷ் என்ற இடத்தில் கட்டிய வீட்டையும் ஒப்பிட்டார். இரண்டினதும் கிடைப்படங்களில் இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என ஒரே சந்தம் ஒலிப்பதை அவர் காட்டினார். கார்ஷ் வீட்டில் முக்கோண முகடும் இல்லை, உரோமத் தூணும் இல்லை. தோற்றத்தில் யாதொரு ஒற்றுமையும் அற்ற அவ்விடத்திலேயே பல்லாடியோவின் சிந்தனை உயிரோடு தொழிற்படுகின்றது. தூணும் முகடும் நிறைந்த எத்தனையோ வங்கிகளிலும் தோட்ட முதலாளிகளின் இல்லங்களிலும் அது இறந்து கிடக்கின்றது.

எனவே நீடித்த செல்வாக்கு என ஒன்றாகச் சுட்டப்படுவதனுள் இருவேறு வாழ்வுகள் உள்ளன. ஒன்று அடையாளத்தின் வாழ்வு. நிலமும் பணமும் ஆட்சியும் புதிதாகப் பெற்றோர் தம் உரிமையைப் பழமையானதாகக் காட்ட விழையுமிடமெல்லாம் அது விலைபோகும். அதனை விளக்கச் சமுதாய வரலாறே போதும். என்றுமுள்ள அழகு என்ற கருத்து தேவையில்லை. மற்றையது முறையின் வாழ்வு. குறைந்த பொருளில் நிறைந்த கண்ணியம், சிதறியவற்றை இயைக்கும் ஒழுங்கு, கோணலான இடத்தை ஏற்றுக்கொண்டே சீரைத் தேடும் அறிவு ஆகியவை அதன் கூறுகள். இவை ஒரு வர்க்கத்தின் தேவையிலிருந்தே பிறந்தன என்பது உண்மை. ஆனால் அத்தேவை ஒழிந்த பின்னும் இவை பயன்தருவன. மார்க்ஸ் எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பகுதியாவது இங்கே கிடைக்கக்கூடும். ஒரு கலை வடிவம் நிலைப்பது, தன் காலத்தைக் கடந்து நின்றமையால் அன்று. தன் காலத்தின் சிக்கலை முழுமையாக எதிர்கொண்டு தீர்த்தமையால், அத்தீர்வு பிறர்க்கும் கருவியாகின்றது.

செந்நெறி என்ற சொல்லை இலக்கியத் திறனாய்வில் அடிக்கடி கையாளும் நமக்கும் இவ்வேறுபாடு பயன்படும். பழைய வடிவமொன்று மீண்டும் தோன்றும்போது நாம் கேட்க வேண்டியது, அது மூலத்தை எவ்வளவு ஒத்துள்ளது என்பதை அன்று. எச்சிக்கலைத் தீர்க்க அது அழைக்கப்பட்டது, எதனை வெளிக்காட்டுகின்றது, எதனைத் தளத்தின் கீழே மறைக்கின்றது என்பவையே கேட்க வேண்டியவை. எமோவின் களஞ்சியத்தையும் மொன்டிசெலோவின் நிலத்தடி அறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, ஒரே பாணி என்ற பெயர் எவ்வளவு வேற்றுமைகளை மூடிவிடுகின்றது என்பது தெளிவாகும். பல்லாடியோவின் பெருமையை ஏற்பதற்கு அப்பெயரால் நிகழ்ந்தவற்றையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. அவற்றை மறுப்பதற்கு விசென்சாக் கல்தச்சரின் பெருமையைக் குறைக்க வேண்டியதுமில்லை.